எங்கே ஏற்றுவது

முப்பத்தெட்டாயிரம் படம்.
பிஸ்கட் பாக்கெட் அளவு டிஸ்கில்
கடலூர் முதுநகர் மொத்தமும் அடங்கிவிட்டது,
சிங்காரத்தோப்பின் உப்புக்காற்று நீங்கலாக.

நான்கு மாதம்.
மொபெட்டின் கைப்பிடியில் போனைக் கட்டி
இரண்டு நொடிக்கு ஒன்று.
ஹபீபா ஓட்டினாள்.
நான் பின்னால் உட்கார்ந்து
தெருப்பெயர்களைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டு வந்தேன்,
படம் மட்டும் எடுக்கத் தெரிந்த போனுக்கு.

இந்த வாரம் முடிவு செய்தாக வேண்டும்.

பெரிய கம்பெனி ஒன்று இருக்கிறது.
இடம் கேட்டால் கடலைக் காட்டும்.
படம் ஏறுவதே தெரியாது.
கம்பமா, வேகத்தடையா, குப்பைத்தொட்டியா,
தானே எண்ணிச் சொல்லிவிடும்.
நிபந்தனைகள் நாற்பத்தேழு பக்கம்.
கலியமூர்த்தி படித்தார்,
பத்திர எழுத்தரிடம் இருபது வருஷம் இருந்தவர்.
அனுபோகம் யாருக்கு என்று தேடித் தேடி
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"வூடு நம்முது. சாவி அவன் இடுப்புல."

இன்னொன்று, ஏதோ குளிர்நாட்டில்
கொஞ்சம் பேர் சந்தா போட்டு நடத்துவது.
மழைக்காலத்துப் பாசஞ்சர் வண்டிபோல
ஒவ்வொரு படத்துக்கும் நின்று நின்று வாங்குகிறது.
அதில் மூன்று பேருக்கு வேலை மாறினால்
என்ன ஆகும் என்று கேட்டேன்.
யாரும் பேசவில்லை.

மூன்றாவது தமிழ்மாறன் சொன்னது:
நம்ம கம்ப்யூட்டர், நம்ம ரூம்.
ரூம் எங்கே?
உப்பனாறு ஓரம்.
சொல்லிவிட்டு அவனே சிரித்தான்.

சோதனைக்கு நூறு படம் இரண்டு இடத்திலும் போட்டோம்.
முகம் மறைக்கும் இயந்திரம்
பேனரில் கும்பிட்ட தலைவர்கள் அத்தனை பேரையும் மறைத்தது.
மாரியம்மன் சுதையைப் புகையாக்கியது.
தண்ணீர் லாரியின் முதுகில் வரைந்த புலியையும் விடவில்லை.
அன்னக்கூடை நிழலில் நின்ற அஞ்சலாட்சியை மட்டும்
முகம் என்று அதற்குத் தெரியவில்லை.

துறைமுகத்துக்குப் போய்ப் படத்தைக் காட்டினோம்.
ஈரக்கையைப் புடவையில் துடைத்துவிட்டு வாங்கினாள்.
ரொம்ப நேரம் பார்த்தாள், தன்னை அல்ல.
"பின்னால அந்தக் காவா தெரியுதா?
மூடி இல்லன்னு தெரியுதா?
வெள்ளம் வந்த வருஷம்
என் நாத்தனா புருஷன் அதுலதான்..."
ஐஸ் பெட்டியை இழுக்கச் சொல்லி யாரோ கூப்பிட்டார்கள்.
போகிற போக்கில் கேட்டாள்:
"நாளைக்கு வேணாம்னா எடுத்துடுவீங்களா?"

அதையே இரண்டு இடத்துக்கும் எழுதினோம்.
கம்பெனியிடமிருந்து ஒன்பது இலக்க எண் வந்தது.
எங்கள் கருத்து அவர்களுக்கு முக்கியமாம்.

மறுநாள் விடிகாலை
ஆணா பெண்ணா என்று பெயரில் தெரியாத ஒருவர்
நான்கு வரி எழுதியிருந்தார்.
எந்தப் படம் என்று சொல்லுங்கள், எடுத்துவிடுகிறேன்.
அதற்குள் யாராவது இறக்கிக்கொண்டிருந்தால்
அதை என்னால் எடுக்க முடியாது.
திறந்தது என்றால் திறந்ததுதான்.
அவரிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்.

சொன்னோம்.
செதில் தெறிக்க யோசித்தாள் அஞ்சலாட்சி.
"மீன் மாதிரிதான்னு சொல்லு.
ஏலம் வுட்ட பொறவு
எந்தச் சட்டிக்குப் போவுதுன்னு யாருக்குத் தெரியும்."
கத்தியைக் கழுவினாள்.
"மூஞ்ச அழிச்சிடு. காவாய அழிச்சிடாத."

ஹபீபா கையாலேயே அழித்தாள்,
நெற்றியில் தொடங்கி, மூக்குத்தி கடைசியாக.

பதினொன்றே முக்காலுக்குப் பாசஞ்சர் கிளம்பியது.
இருநூற்றுப் பன்னிரண்டாவது படத்தில் கரண்ட் போனது.
டிஸ்கின் இன்னொரு பிரதி
கலியமூர்த்தி வீட்டு மாடியில், பாலிதீன் பையில்,
பட்டாவுக்கு அடியில் இருக்கிறது.

முதலில் ஏறிய படம் இது:
வடக்கு பார்த்த சந்து,
மூடியில்லாத காவா,
ஓரமாக முகமில்லாத ஒருத்தி.
சுவரில் தலைவர்கள் இன்னும் புகையாகவே இருக்கிறார்கள்.
அவர்களைத் திருப்பி வரைய
யாருக்கும் நேரமில்லை.